ரயிலுக்குப் பின்னால் ஊற்றிய தண்ணீர்

ஐன் தூத்,
1897 நவம்பர்

அன்பு மகன் ஃபாரிஸுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகமாகவே இருக்கிறோம், கடலுக்கு அப்பால் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பிக்கொண்டு மேலே எழுதுகிறேன். நம் ஊர் வரலாற்றில் இதுவரை எடுக்கப்படாத ஒரு முடிவைப் பெரியவர்கள் தேவாலய முற்றத்தில் கூடி, பாதிரியார் முன்னிலையில் ஒருமனதாக எடுத்திருக்கிறார்கள். இனி ஐன் தூத் ஊரார் எவரும் ரயிலுக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றுவதில்லை. வரியைப் பற்றிப் பேசக் கூடியபோதுகூட இத்தனை பேர் வரவில்லை, இத்தனை பேர் அழவும் இல்லை.

நீ கிளம்பியபோது ரயில் கிடையாது, அதனால் உனக்கு இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். கழுதைக்காரர்கள் சத்திரம் சத்திரமாகத் தங்கிக் கடந்த மலையை இது ஒரே பகலில் கடந்து பெய்ரூட்டில் போய் நிற்கிறது. இஞ்சின் முன்னால் நின்று இழுக்கும் என்றுதான் நான் புத்தகங்களில் படித்திருந்தேன். இங்கே மலை ஏறும்போது அது கடைசியில் நின்றுகொண்டு பெட்டிகளை முட்டித் தள்ளுகிறது, பெட்டி ஏதும் கழன்று பள்ளத்துக்கு ஓடிவிடக் கூடாதாம். ஊருக்கு மேலே செங்குத்து தொடங்கும் இடத்தில் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வெட்டிய இரும்புப் பட்டை ஒன்று கிடக்கிறது, இஞ்சினின் அடியில் இருக்கும் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி மேகத்துக்குள் ஏறிப் போகிறது. முதல்நாள் அதைப் பார்த்தபோது என் கை தானாகப் போய்த் தொப்பியைக் கழற்றிவிட்டது. பாதிரியார் பக்கத்தில்தான் நின்றார். தேவாலயத்தில் நான் இவ்வளவு சீக்கிரம் கழற்றியதில்லை என்றார், உண்மைதான்.

உன் தம்பி நசீப் உன்னிடம் வரக் கிளம்பிய நாளில்தான் விஷயம் நடந்தது. பிரயாணம் போகிறவர் தண்ணீர் ஓடுவதுபோலத் தடையில்லாமல் போய்த் திரும்ப வேண்டும் என்று பின்னால் ஊற்றுவது நமக்குப் பழக்கம்தானே. நீ போன அன்று கழுதைக்காரன் அவசரப்படுத்தியதால் உன் அம்மா ஒரு காப்பிக் கிண்ணத்துத் தண்ணீரைத்தான் ஊற்ற முடிந்தது. எட்டு வருஷமாக நீ வராததற்கு அவள் சொல்லும் காரணம் அது ஒன்றுதான், உன் கடிதங்களில் இருக்கும் காரணங்களை அவள் ஏற்பதில்லை. ஆகவே இந்த முறை வீட்டிலேயே பெரிய குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அன்று ஊரில் இன்னும் சில பிள்ளைகளும் கப்பலுக்குக் கிளம்பினார்கள், வீட்டுக்கு ஒரு குடம். ஸ்டேஷன் மாஸ்டர் தவ்ஃபீக் எஃபெந்தி, ஏன் தாயே, ரயிலுக்குத் தாகம்னு உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டார். விதவை வர்தே தன் மகனுக்காக எண்ணெய் ஜாடியில் தண்ணீர் கொண்டுவந்திருந்தாள். ஜாடியக் கழுவினியாடி என்று உன் அம்மா கேட்டதற்கு, எம்புள்ள திரும்பி வர்றதுக்கு ஜாடி பளபளன்னு இருக்கணுமாக்கும், நீ உன் குடத்தப் பாரு என்று சீறினாள்.

ரயில் நகர்ந்தது. ஒவ்வொருத்தியும் தன் பிள்ளை இருந்த பெட்டி கடந்ததும் அதன் பின்னால் தண்டவாளத்தில் ஊற்றினாள். கடைசியில் இஞ்சின் வருகிறது என்பதை யாரும் யோசிக்கவில்லை, புத்தகம் படித்த நானும் யோசிக்கவில்லை. பல் பட்டை தொடங்குவதற்கு முன்னால் இருக்கும் வெறும் தண்டவாளத்தில் அதன் சக்கரங்கள் வழுக்கிச் சுழன்றன. புகை வந்தது, சத்தம் வந்தது, ரயில் மட்டும் போகவில்லை. பிறகு மெல்ல, மிகுந்த மரியாதையோடு, பின்னால் நழுவி ஸ்டேஷனுக்கே வந்து நின்றது. வேண்டுதல் இவ்வளவு சீக்கிரம் பலித்து எவரும் பார்த்ததில்லை, பெண்கள் குலவை போட்டார்கள். டிரைவர் இறங்கி வந்து தண்டவாளத்தைத் தொட்டு விரலை மோந்து பார்த்துவிட்டு, எந்த மகராசி இங்க கத்தரிக்கா வதக்கினது என்று கத்தினான். அடுப்புச் சாம்பல் கொட்டித் தேய்த்து முடிப்பதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது, கப்பல் போய்விட்டது. அவ்வளவு பெரிய இரும்பை ஒரு குடத்துத் தண்ணீர் திருப்பி அனுப்பியதை நினைத்து நான் இரவெல்லாம் வியந்துகொண்டிருந்தேன்.

அதற்குத்தான் கூட்டம், முடிவு. அடுத்த கப்பலுக்கு முன்பு நசீப் அவளிடம், அம்மா, இந்தக் கப்பலையும் விட்டா அண்ணன் கடைக்கு வேற ஆளப் பாத்துக்குவான், உன் கால்ல விழறேன், ஊத்திடாத என்றான். கிளம்பும் நாளில் அவள் அதே குடத்தை நிரப்பிக்கொண்டு வந்தாள். தவ்ஃபீக் எஃபெந்தி பார்த்தார். நல்ல மனுஷன், திரும்பி நின்று கடிகாரத்தைத் துடைக்கத் தொடங்கினார். ரயில் நகர்ந்தது, நசீப்பின் பெட்டி அவளைக் கடந்தது. அவள் நினைத்திருந்தால் குடத்தைச் சாய்த்து அவனைத் திரும்ப வரவழைத்திருக்கலாம், அது இப்போது ஊருக்கே தெரிந்த விஷயம். இஞ்சின் கடந்தது. பல் பட்டையைக் கவ்வும் சத்தம் கேட்டது. நான் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மேகம் மூடும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

தம்பிக்கு அந்த ஊர் பாஷை வரும்வரை தனியாகத் தெருவில் வியாபாரத்துக்கு அனுப்பாதே. அவனிடம் உலர்ந்த அத்தியும், அம்மா தயிரும் கோதுமையும் கலந்து உலர்த்தி அரைத்த கிஷ்க் பொடியும் கொடுத்திருக்கிறோம், பாதியாவது உன்னிடம் வந்து சேரும். கன்னி மாதா உங்கள் இருவரையும் ஒரே கூரையின் கீழ் நோயில்லாமல் வைத்திருக்கட்டும். சாந்தோஸ் துறைமுகத்துக்கு நீயே போய் அவனை அழைத்து வா, ஆள் அனுப்பாதே.

உங்கள் நன்மையையே நினைத்திருக்கும் அப்பா,
மிக்காயில்

பி.கு. அந்தக் குடத்துத் தண்ணீரில் அம்மா அன்று மதியம் பருப்பு வேகவைத்தாள்.