ஒரு டம்ளர் எதிர்ப்பு சக்தி

ஆடி 14

நினைத்தாலே குமட்டுகிறது. மசக்கையால் அல்ல.

காலையில் பொன்னேரி டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். கருவில் பாதி அதன் அப்பாவுடையது என்பதால் என் உடம்புக்கு அது அந்நியம். புரொஜெஸ்டிரான் ஹார்மோன் இன்னொரு பொருளைச் சுரக்க வைக்குமாம். இரண்டும் சேர்ந்து கருப்பையில் எதிர்ப்பு சக்தியை அடக்கினால்தான் கரு தங்கும். அதற்குத்தான் மாத்திரை. கண்ட கஷாயத்தையும் குடிக்காதே என்றார். பக்கத்தில் உட்கார்ந்து என் வீட்டுக்காரரும் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்தால் மாமியார் நிலவேம்புக் கஷாயத்தோடு நிற்கிறார்.

"எதிர்ப்பு சக்தி இல்லாமத்தான் ரெண்டு தபா கலைஞ்சுச்சு. டாக்டருக்கு இன்னா தெரியும்? குட்சிடு."

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஒருத்தன் ஹெல்மெட் போடாவிட்டால் மிஷினையே நிறுத்துகிற சூப்பர்வைசர்.

"அம்மா ஆசையா காச்சிகீது. பேஜாரு பண்ணாத, குட்சிடு" என்றார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

டம்ளரை மாமியார் கண்ணெதிரே தொட்டியில் கவிழ்த்தேன். ஒப்பாரி வைத்தார். இவர் போனோடு எழுந்து படுக்கப் போய்விட்டார்.

இரண்டு மாதமாக இவருடைய பாதியை என் உடம்பு பொறுத்துக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் குறட்டை விடுகிற முழு ஆளைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.