வாழைக்குப் போன இனிப்பு

என் அருமை மச்சான் ராஜமணிக்கு,

நீ போய்ச் சேர்ந்த இடத்தில் பனை இருக்கிறதா, தெரியவில்லை. இருந்தால் இதற்குள் அங்கேயும் ஒரு மிஷின் கட்டி, நாலு பேரைக் கூட்டிவைத்து விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பாய்.

உன்மேல் எனக்குப் பொறாமைதான். செத்தவன்மேல் பொறாமைப்படலாமா என்று கேட்காதே. நான் குவைத்தில் கடல்தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் பிளான்டில் வருஷக்கணக்காக மெம்பரேனோடு, அந்த வடிகட்டும் சவ்வோடு, மல்லுக்கட்டியவன். நீ தக்கலையைத் தாண்டி வேலைக்குப் போகாதவன். வீட்டுத் தண்ணீர் ஃபில்டரின் பழைய சாமான்களை வாங்கிவந்து, பனையில் இறக்கிய பதநீரை, நம் அக்கானியை, அடுப்பில் ஏற்றும் முன்பே அதிலிருக்கும் தண்ணீரில் பாதியைப் பிரித்தெடுக்க மிஷின் செய்துவிட்டாய். பாதி விறகில் கருப்பட்டி. நான் லீவில் வந்தபோது, பங்குத்தந்தையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மெம்பரேன் என்றால் என்ன என்று எனக்கே பாடம் எடுத்தாய். எனக்கு இது ஏன் தோன்றவில்லை?

இப்போது வீட்டு விஷயம். நீ இல்லாத முதல் பனைக்காலத்திலேயே உன் மிஷின் படுத்துவிட்டது. பம்பு கத்துகிறது, குழாயில் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. அக்கானி முழுவதையும் விறகு வைத்துக் காய்ச்ச உன் மனைவியால், என் தங்கை ரோஸ்லினால், தனியாக முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் மிஷினைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டு, பனைகளையும் யாருக்காவது பாட்டத்துக்கு, குத்தகையாக, விடப்போவதாகச் சொன்னாள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டுத்தான் பாடினார்கள்: "ராஜமணி இருந்தாம்னா ஒரு நிமிசத்துல செரியாக்கியிருப்பான்." பக்கத்தில் நான் நிற்கிறேன் மச்சான், ஒருத்தர் கண்ணுக்கும் தெரியவில்லை.

சரி, பார்த்துவிடுவோம் என்று இறங்கினேன். பம்பு நன்றாகத்தான் இருந்தது. மெம்பரேனைக் கழற்றினால், சுவருக்கு வெள்ளையடித்த மாதிரி சுண்ணாம்பு. அக்கானி புளிக்காமலிருக்கக் கலயத்தில் தடவுகிற சுண்ணாம்புதான். நீ அக்கானியைத் தெளியவைத்து மேலாக எடுத்து ஊற்றுவாயாம். ரோஸ்லின் அவசரத்தில் கலங்கலாகவே ஊற்றியிருக்கிறாள். எலுமிச்சை உப்பைக் கரைத்து ஓடவிட்டேன். பம்பின் சத்தம் இறங்கியது. இரண்டு குழாயிலும் ஒழுங்காக வரத் தொடங்கியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு குழாயை அண்டாவுக்கும் மற்றதை வாழையடிக்கும் நானே மாட்டி, அண்டாவை நிரப்பி, அடுப்பில் ஏற்றி, நாலு பேர் பார்க்கட்டும் என்று முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

கொதித்தது. கொதித்துக்கொண்டே இருந்தது. நிறம் மாறவில்லை, பாகுப் பதமும் வரவில்லை. விறகைத் தள்ளத் தள்ள ஆவிதான் போனது. அப்போது தோட்டத்திலிருந்து ரோஸ்லின் கேட்டாள்: "அண்ணா, வாழ மூட்டுல எதுக்கு இவ்வளவு எறும்பு?"

உனக்கு இதற்குள் புரிந்திருக்கும். குவைத்தில் எங்களுக்கு நல்ல தண்ணீர்தான் சரக்கு. மிஞ்சுகிற கெட்டி உப்புத் தண்ணீரைக் கடலிலேயே விட்டுவிடுவோம். கை அந்தப் பழக்கத்தில் போய், தண்ணீர் வரும் குழாயை அண்டாவுக்கும் கெட்டி அக்கானி வரும் குழாயை வாழைக்கும் மாட்டிவிட்டது. இனிப்பெல்லாம் வாழைக்கு, வெறும் தண்ணீர் அண்டாவுக்கு.

ரோஸ்லின் வந்து அண்டாவை எட்டிப் பார்த்தாள். "இது கருப்பட்டிக்கா, நான் குளிக்கவா?" என்றாள். பிறகு சிரித்தாள். உன்னை அடக்கம் செய்த நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எனக்கு வெட்கமெல்லாம் போய்விட்டது. இந்த ஒன்றிலாவது உன்னை முந்திவிட்டேன் என்று நினைத்தேன்.

அதற்கும் நீ விடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அவரு இருந்திருந்தா இத ஊரு பூரா சொல்லி நாறடிச்சிருப்பாரு அண்ணா." அந்தச் சிரிப்பும் உன்னிடம்தான் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் குழாயை மாற்றி மாட்டினேன். கருப்பட்டி நன்றாகவே வந்திருக்கிறது. பழைய இரும்புக்காரனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஊரில் என்ன பேச்சு தெரியுமா? ராஜமணி மிஷின் மறுபடி ஓடுதாம். என் பெயர் எங்கேயும் இல்லை.

போகட்டும். உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அண்டா நிறைய வெந்நீர் காய்ச்சிய கதையை உன்னால் சொல்ல முடியாதில்லையா, நானே சொல்வேன். டீக்கடையில், சர்ச் முற்றத்தில், ரோஸ்லின் காதில் விழுகிற இடத்திலெல்லாம், நீ சொல்லியிருந்தால் எப்படிச் சொல்லியிருப்பாயோ அப்படியே கூட்டிச் சேர்த்துச் சொல்வேன். அவள் இன்னும் சிரிக்க வேண்டும்.

இன்றும் பொறாமை தீராத
உன் மச்சான்,
ஜஸ்டின்