மழைப்பாட்டில் நாம் தோற்றது

நலம் பொலிக. மூன்று ஆறுகளும் ஒரு கடலும் காவல் நிற்கும் வெண்கரை நாட்டை ஆளும் பூதிமாதேவி, தலைநகரில் நம் பொருட்டு நீதி செலுத்தும் பேரமைச்சர் எயினன் சாத்தனார்க்கு விடுக்கும் ஓலை. உம் குடியும் நகரும், கழனியும் கலமும் குறைவின்றி வாழ்க.

அல்லிமூதூர்க் கல்விச்சாலையிலுள்ள, வெண்கலத்தாலான செயற்கை அறிவுப் பொறியை உருக்கி மணியாக வார்க்கும்படி நாம் இட்ட ஆணைக்காக, உலை மூட்டிக் காத்திருக்கிறீர். கேட்ட மாத்திரத்தில் பாட்டுக் கட்டித் தரும் அவ்வெண்கலம் நம் பிள்ளைகளின் கற்பனையை விழுங்கிவிடும் என்று அஞ்சியே அவ்வாறு பணித்தோம். உருக்குமுன் ஒருமுறை நேரில் காண வந்தோம்.

மாணாக்கர் அனைவரும் மழையைப் பாடினர். பொறியும் ஒன்று பாடியது. எல்லாவற்றையும் கலந்து, பெயர் சொல்லாது படிக்கச் செய்தோம். நனையும் பிள்ளைக்குத் தன் நிழலையே கூரையாக்கும் தாயைப் பாடிய பாட்டில் கண் கலங்கி, இதுவே மானுட நெஞ்சின் பாட்டு என்று அவையறியச் சொன்னோம். அது பொறியின் பாட்டு. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது; ஆயினும் நினைக்குந்தோறும் மெய் சிலிர்க்கிறது. உலோகத்துக்குள் அத்தனை ஈரம் எங்கிருந்து வந்ததோ, அறியோம்.

அதனினும் பெருவியப்பு பின்னர் நேர்ந்தது. மாணாக்கர் ஒருவரும் ஏமாறவில்லை. காரிநங்கை என்னும் மாணவி, எப்பாட்டிலும் ஓர் ஆட்டுக்குட்டியை நுழைத்துவிடுபவன் தத்தன் என்றும், மழையோடு சண்டை பிடிப்பவள் தானே என்றும், இன்னார் பாடியது என்று சொல்ல இயலாத பாட்டே பொறியினது என்றும் விண்ணப்பித்தாள். பொறியால் சோம்பல் வருவதுண்டு என்று சிலர் ஒப்புக்கொண்டனர். சொல் வராது நிற்கையில் அதனோடு வாதாடினால் தம் பாட்டு வேறு வழி காண்கிறது என்றனர் பலர். உருக்க வேண்டா என்று அனைவரும் வேண்டினர். தத்தன் மட்டும், உருக்கியே தீர்வதானால் தன் ஆட்டுக்கும் ஒரு சிறுமணி கிடைக்குமா என்று வினவினான்.

ஆதலின் உலையை அவித்துவிடுக. பொறி வகுப்பறையிலேயே இருக்கட்டும். தாமே ஒரு பாட்டு முயன்ற பின்னரே மாணாக்கர் அதனிடம் செல்க.

நம் ஓலைகளைச் செம்மை செய்தே நீர் கல்லில் வெட்டுவிப்பது வழக்கம். இதனைத் தொடாதீர். நம் வெட்கமும் தத்தன் ஆடும் உள்ளபடியே கல்லில் ஏறுக. இது நம் ஆணை. நம் அன்றிற்பறவை முத்திரை இட்டோம். அதைப் பாராமலே இது எவர் ஓலை என்று பின்வருவோர் அறியட்டும்.