ஆறாவது பாதையில் நான் போட்ட கோடு

என் அருமை அண்ணி,

நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருடம் ஆகிறது. அண்ணன் இப்போது தானே சமைக்கிறார், ரசத்தில் மட்டும் உப்பு தூக்கல். அதைச் சொல்ல இந்தக் கடிதம் இல்லை. உங்கள் பெயரில் ஒட்டிக்கொண்ட ஒரு தவற்றைப் பற்றி எழுதுகிறேன். அது என்னுடையது.

காப்பார் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் நீங்கள் கணக்கு டீச்சர். நான் புதிதாய்ச் சேர்ந்தவள். விளையாட்டுப் போட்டிக்கு முந்தின நாள், ஓட்டப்பாதைக்குக் கோடு போடும் வேலையை உங்களிடமிருந்து நானே கேட்டு வாங்கினேன். "நீள்வட்டம்தானே அண்ணி, போட்டுடுவேன்" என்றேன்.

"நீள்வட்டம் இல்ல லா. ரெண்டு பக்கம் நேர்கோடு, ரெண்டு முனையிலயும் அரைவட்டம். வளைவுல வெளிய ஓடுற பிள்ளைக்குத் தூரம் கூட. அதனாலதான் முன்னுக்கு நிக்க வைக்கிறோம். ஒவ்வொரு பாதையையும் அளந்து போடு" என்றீர்கள்.

ஐந்து பாதைகளை அளந்தேன். ஆறாவதுக்கு வரும்போது மழை இருட்டிக்கொண்டு வந்தது. அளவு நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டு, கண்ணளவில் ஒரு தொடக்கக் கோடு இழுத்தேன்.

மறுநாள் ஆறாவது பாதையில் ஓடிய தாரணி அரை எட்டு தூரத்தில் தோற்றாள். சந்தேகப்பட்ட அவள் அப்பா நாடா கேட்டு அளந்தார். தொடக்கக் கோடு இருக்க வேண்டிய இடத்துக்கு நான்கு மீட்டர் பின்னால் இருந்தது. "யாரு டீச்சர் இந்தக் கோடு போட்டது?" என்று தலைமையாசிரியர் கேட்டபோது நான் தரையைப் பார்த்தேன்.

"நான்தான் சார்" என்றீர்கள்.

பரிசைக் கொடுத்து முடித்திருந்ததால் முடிவை மாற்றவில்லை. உங்களைத்தான் விளையாட்டுப் பொறுப்பிலிருந்து மாற்றினார்கள். அதற்குப் பிறகு எந்தப் போட்டிக்கும் உங்களை நடுவராக அனுப்பவில்லை. "விடு லா, உனக்கு இன்னும் வேலை கன்ஃபர்ம் ஆகல" என்றீர்கள். வேலை நிரந்தரமான பிறகும் நான் ஏன் வாய் திறக்கவில்லை? உங்கள் இறுதிச் சடங்கில் தலைமையாசிரியர், "கலா டீச்சர் சர்வீஸ்ல ஒரே ஒரு தடவதான் கணக்கு தப்பாச்சு" என்று அன்பாகத்தான் சொன்னார். அழுதுகொண்டே அதையும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

போன வாரம் கிள்ளானில் ஒரு துணிக்கடையில் தாரணியைப் பார்த்தேன். அங்கே வேலை செய்கிறாள். இந்த முறை விடவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மடித்துக்கொண்டிருந்த சேலையைக் கீழே வைத்தாள்.

"டீச்சர், மறுநாள் கலா டீச்சர் என்னைத் திடலுக்குக் கூப்பிட்டாங்க. சரியா அளந்து, புதுக் கோடு போட்டு, தனியா ஓட வச்சாங்க. நேரம் பார்த்துட்டு 'நீதான்டி ஜெயிச்ச'ன்னாங்க. 'கோடு போட்டவங்க சார்பா மன்னிச்சுக்கோ'ன்னும் சொன்னாங்க. அவங்கதானே போட்டாங்க, ஏன் இப்படிப் பேசுறாங்கன்னு அப்ப புரியல."

எனக்காக நீங்கள் மன்னிப்பும் கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே அண்ணி. சொன்னால் தாங்க மாட்டேன் என்றா? இல்லை, நானாக வந்து சொல்வேன் என்று காத்திருந்தீர்களா?

நேற்று அண்ணனிடம் சொன்னேன். "என்கிட்டகூட அவ சொல்லலையே" என்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறார். சனிக்கிழமை காலை ரயிலேறிப் போகிறேன். துணைக்கு வருவதாக அண்ணன் சொன்னார், வேண்டாம் என்றுவிட்டேன். அன்று உங்களைப் பேச விட்டது போதும் அண்ணி. "நான்தான் சார்" என்று இந்த முறை நானே சொல்வேன்.

உங்கள் நாத்தனார்,
மாலதி