கதவில் தெரிந்த சட்டை

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, வேலைக்குப் போய்க்கொண்டு நன்றாகத்தான் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம், என் முழங்கால் பாதி நலம், அப்பாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். அக்கா போன வாரம் பிள்ளைகளை இரண்டு நாள் இங்கே விட்டிருந்தாள், சின்னது மாடிக் குழாயைத் திறந்துவிட்டுத் தொட்டியையே காலி செய்துவிட்டது. இதையெல்லாம் ஃபோனில் சொல்லலாமே, எதற்குக் கூரியரில் கடிதம் என்று நினைப்பாய். ஃபோனில் நீ குறுக்கே பேசுவாய், கடிதத்தில் முடியாது. முழுக்கப் படி.

கார் இன்சூரன்ஸைப் புதுப்பிக்கச் சொல்லிக் காகிதம் வந்தது. போன வருஷம் கட்டியதைப்போல ஒன்றரை மடங்கு. அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, பதினெட்டு வருஷமாக ஒரு க்ளெய்ம்கூடக் கேட்காதவர். தண்ணீர் லாரி பின்பக்கத்தை நசுக்கியபோதுகூடத் தன் கையிலிருந்து போட்டுச் சரிசெய்தார். அதனால் கிடைக்கிற சலுகையைவிட, அந்தக் காகிதத்தில் 'க்ளெய்ம்: இல்லை' என்று வருவதில் அவருக்கு அப்படியொரு பெருமை. இந்த முறை அந்த இடத்தில் 'ஒன்று' என்று இருந்தது. பதறிப்போய்க் கம்பெனிக்கு ஃபோன் செய்தார். நாற்பது நிமிஷம் பாட்டுப் போட்டுக் காக்க வைத்த பிறகு எடுத்தவன், நீங்கள்தான் கேட்டு வாங்கியிருக்கிறீர்கள், கதவும் பம்பரும் மாற்றியிருக்கிறது என்றான். இவர் இல்லவே இல்லை என்று சொல்ல, "வயசானா மறந்துபோறதுதான் சார், வீட்ல யாரையாவது கேட்டுப் பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டான்.

அந்த ஒரு வார்த்தை மனுஷனைச் சாய்த்துவிட்டது. "நான் எங்கயாவது இடிச்சேனா" என்று என்னிடம் இரண்டு முறை கேட்டார். வெளியே போய்க் காரைச் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தார். மறுநாளிலிருந்து ஒரு நோட்டு வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் எழுதுகிறார், மாத்திரை போட்டாச்சு, கேஸ் மூடியாச்சு, பின்கதவு பூட்டியாச்சு என்று. மூன்றாம் நாள் கார் சாவியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, "இனிமே நான் ஓட்டல. யாரையாவது இடிச்சிட்டு அதையும் மறந்துட்டா என்ன பண்றது" என்றார். அந்தக் கம்பெனியை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

ஆஸ்பத்திரிக் கொள்முதல் பிரிவில் இருபத்தெட்டு வருஷம் பஞ்சும் கையுறையும் பேரம் பேசி வாங்கியவள் நான். மூன்று கொட்டேஷன் இல்லாமல் ஒரு வாளிகூட வாங்கியதில்லை. வேறு மூன்று கம்பெனிகளில் விலை கேட்டு வாங்கி, மூன்று உறைகளில் போட்டு ஒட்டி, இவர்களுடைய கிளை மேலாளரின் மேஜையில் வரிசையாக வைத்தேன், கம்பெனிப் பெயர் தெரியும், தொகை தெரியாது. அவர் கண் உறைகளை விட்டு நகரவில்லை. டீ வரவழைத்தார், நான் தொடவில்லை, குடித்தால் குரல் இறங்கிவிடும். விலை குறைய வேண்டும், அந்த வார்த்தையைச் சொன்னவன் என் வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாத க்ளெய்மை எழுதியது யார் என்று எனக்குத் தெரிய வேண்டும் என்று கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னேன். வரிசையில் நின்ற இரண்டு பேர் என் பக்கம் பேசினார்கள், ஒருவர் தன் பாலிசியும் இனி இங்கே வேண்டாம் என்று கிளம்பியே போனார். பொய் சொல்வானேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மேலாளர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். க்ளெய்ம் போட்ட தேதி, நீ லீவில் வந்திருந்த வாரம். போட்டது அப்பாவின் ஃபோனிலிருந்து, ஓடிபி சரியாகக் கொடுத்து. கூடவே நசுங்கிய கதவின் போட்டோ. நசுங்காத பாதியில், போட்டோ எடுக்கிறவன் கண்ணாடியில் தெரிகிற மாதிரித் தெரிகிறான். பச்சைக் கோடு போட்ட சட்டை. நீ வந்த அன்று நான் வாங்கிக் கொடுத்தது.

சிநேகிதன் வீட்டுக்கு என்று இரண்டு நாள் காரை எடுத்துப் போனாயே, பளபளவென்று கொண்டுவந்து நிறுத்தினாயே. பையன் காரைக் கழுவி பாலிஷ் போட்டுக் கொண்டுவந்திருக்கிறான் என்று அப்பா தெருவில் நாலு பேரிடம் சொன்னபோது பக்கத்தில் நின்று தலையை ஆட்டினாய். அந்த இரண்டு நாளுக்கு இடையில் வீட்டுக்கு வந்து, ஃபோன் மெதுவாக இருக்கிறது, சரிசெய்து தருகிறேன் என்று நீ கேட்டபோது அவர் மறுபேச்சில்லாமல் தூக்கிக் கொடுத்தார். இடித்தது தப்பில்லை, நானே இரண்டு முறை வாசல் கேட்டில் உரசியிருக்கிறேன். சொல்லியிருந்தால் அரை மணி நேரம் கத்திவிட்டு, உன்னோடு ஒர்க்‌ஷாப்புக்கும் வந்திருப்பார். போன வாரம் ஃபோனில் நானே இந்த இன்சூரன்ஸ் விஷயத்தை உன்னிடம் புலம்பினேன், அப்போதும் நீ, அப்பாவை ஒரு நல்ல டாக்டரிடம் காட்டும்மா என்றாய். இதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை.

அந்தப் போட்டோவை மேலாளரிடம் இரண்டு நகல் கேட்டு வாங்கிப் பைக்குள் வைத்தேன். அதோடு விடவில்லை. வண்டிச் சொந்தக்காரருக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேட்காமல் பணத்தைக் கொடுத்துவிட்டு, அவருக்கு மறதி என்று சொல்ல உங்கள் ஆள் என்ன டாக்டரா என்று கேட்டேன். மேலாளர் இறங்கி வந்து, குறைத்த விலையைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு நேரே மூன்று உறைகளில் மலிவானவனிடம் போனேன், க்ளெய்ம் இருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்லி, இதைக் காட்டி இன்னும் குறைத்து, அங்கேயே பாலிசி எடுத்தேன். வெளியே வந்து மாடிப்படியில் நின்றபடியே மேலாளருக்கு ஃபோன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அவர் விட்ட பெருமூச்சு இன்னும் காதில் இருக்கிறது. ஃபோனில் பேசியவன் திங்கட்கிழமை அப்பாவிடம் மன்னிப்புக் கேட்பான். அவர்களை ஒரு வழி பண்ணியாயிற்று, இனி நீ.

அப்பாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. விசாரணை நடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஃபோனில் முடிவு சொல்வார்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அதை நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறார். கூரியர் வெள்ளிக்கிழமையே உன் கையில் வந்துவிடுமாம். நீதான் சொல்ல வேண்டும், உன் வாயால். மெசேஜ் கூடாது, அக்காவைத் தூது விடக் கூடாது. பத்தரைக்குள் ஃபோன் வரவில்லை என்றால் போட்டோவை அவர் கையில் கொடுத்துவிடுவேன். உனக்காக நான் இரக்கப்படுவேன் என்று நினைக்காதே, அதற்கு முன்னால் அந்த நோட்டை நீ ஒரு தரம் பார்க்க வேண்டும்.

நீ நல்லபடியாக, நீண்ட நாள் இருக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றமே இல்லை. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. போட்டோவின் நகல் இதோடு இருக்கிறது, சட்டை உனக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. கார் சாவியை ஃபோனுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நீ பேசி முடித்ததும் அவர் அதை எடுக்கிறாரா என்று பார்க்கக் காத்திருப்பேன்.

ஞாயிறு காலை பத்து மணி, எங்கள் நேரப்படி.

இப்படிக்கு,
பிரியமும் கோபமும் கொஞ்சமும் குறையாத
உன் அம்மா