தளபதி கவசத்தின் பெயர்ப்பலகை

மார்ச் 4, சனி

நூலகத்தின் சின்ன அறையில் குழுக் கூட்டம். எங்களுக்கு முன்னால் அங்கே வருமான வரி வகுப்பு நடந்ததாம். வெளியே வந்தவர்கள் முகத்தில் இருந்த கலகலப்புகூட எங்கள் கூட்டத்தில் இல்லை.

'ஏழாம் நிலவுக் காவல்' இருபத்தேழு எபிசோட் ஓடி, பார்க்க ஆளில்லாமல் நிறுத்தப்பட்ட விண்வெளி டி.வி. தொடர். அதை எடுத்தவர்கள் நிறுத்தி முப்பது வருடம் ஆகிறது. ஃபோர்ட் வேன் ஊரில் ரசிகர்கள் நாங்கள் பத்தொன்பது பேர் இன்னும் நிறுத்தவில்லை. ஜூலை ரசிகர் மாநாட்டில் எங்கள் உடைக் கண்காட்சிக்கு இந்த முறை பெரிய கூடம். அதன் நடுவில் நிற்கப்போவது தொடரில் வரும் தளபதி ஹெல்ட்ராக்கின் கவசம்.

நான் செய்தது. பதினான்கு மாதம். பகலெல்லாம் பல் செட் செய்யும் கூடத்தில் ஊரார் வாய்க்கு வேலை. சாயங்காலம் வீட்டில் அதே பிசினை வைத்துத் தளபதியின் தலைக்கவசம். விவாகரத்தில் அது என் புருஷனாயிருந்த டுவெய்னுக்குப் போனது. அவன் வக்கீல் அதை 'விளையாட்டுச் சாமான்கள்' என்ற தலைப்பில், தூண்டிலுக்கும் பனிச்சறுக்குக் கட்டைக்கும் நடுவே எழுதியிருந்தார். போட்டுக்கொள்கிறவரே வைத்துக்கொள்ளட்டும் என்றார் நீதிபதி. போகட்டும் என்று விட்டேன்.

இன்று மெர்ல் பெயர்ப்பலகைகளை வாசித்தார். மெர்ல் ஆஸ்ட்ராண்டர், எல்லாம் தொடரில் வந்தபடியே இருக்கிறதா என்று பார்க்கும் எங்கள் துல்லியக் குழுவின் தலைவர். காப்பீட்டுக் கம்பெனியில் முப்பது வருடம் ஜனங்களின் விண்ணப்பங்களை நிராகரித்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது கம்பெனியிலிருந்து மட்டும்.

'உருவாக்கியவர்: டுவெய்ன் ஹப்கா.'

"மெர்ல், அதைச் செஞ்சது நான்."

"போட்டுக்கறது யாரு?"

"அவன்தான். ஆனா—"

"உருவாக்கியவர்னா பாத்திரத்துக்கு உருவம் குடுக்கறவர். கையேட்டுல இருக்கு, லொரெய்ன்."

கையேட்டை எழுதியவர் மெர்ல்.

டுவெய்ன் மேஜை ஓரத்தில் உட்கார்ந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? ஒரே ஒரு வார்த்தை?

மார்ச் 5

பதினோரு வருஷம் கூட வாழ்ந்தவன். வாயத் திறக்கல.

மார்ச் 22

எழுத்து மூலம் புகார் கொடுத்தேன். எழுத்து மூலம் பதில்: ஆதாரம் வேண்டும், வேலை நடந்தபோது எடுத்த படங்கள் போதும்.

எல்லாவற்றையும் தோண்டி எடுத்தேன். இருநூற்றுப் பதினாறு படங்கள். அத்தனையிலும் டுவெய்ன். மார்புத் தகடு மாட்டிய டுவெய்ன். ஒரு கை மட்டும் முடிந்த டுவெய்ன். தலைக்கவசத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கார் ஷெட்டுக்கு அப்பால் ஏதோ ஒரு கிரகத்தைப் பார்க்கும் டுவெய்ன். படம் எடுத்தது நான். ஒன்றில் மட்டும் முகக்கண்ணாடியில் என் உருவம் தெரிகிறது, பட்டாணி அளவுக்கு. அதை அனுப்பினேன்.

மார்ச் 29

'பிரதிபலிப்புகள் ஆதாரமாக ஏற்கப்படா.'

ஏப்ரல் 15

உடைப் பரிசோதனை நாள். கோனிக்குத் தபால் நிலையத்தில் வேலை, எனக்கு இந்தக் கூட்டத்தில் இருக்கும் ஒரே நிஜ சிநேகிதி. தொடரில் வரும் ஆறு கை உள்ள தூதராக வேஷம் போட்டு வந்திருந்தாள். மெர்ல் பூதக்கண்ணாடியை எடுத்து விரல்களை எண்ணினார்.

"இடப்பக்கம் நடுக்கையில அஞ்சு விரல் இருக்கு. எட்டாவது எபிசோட்ல நாலுதான்."

"அன்னிக்கு அந்த நடிகரோட கையுறை கிழிஞ்சிருந்துச்சு, மெர்ல்!"

"கிழிசலும் வரலாறுதான்மா."

கோனி வீட்டுக்குப் போய் ஒரு விரலை வெட்டினாள். வெட்டும்போது யாருடைய விரலை நினைத்துக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை.

மே 7

டுவெய்ன் கூப்பிட்டான்.

"முகக்கண்ணாடி மங்கிப்போச்சு. எதைப் போட்டுத் துடைக்கறது?"

"உருவாக்கினவனுக்குத் தெரியாதா?"



"அப்படியெல்லாம் பேசாத. மெர்ல்தானே எழுதினாரு?"

"நீ வேணாம்னு சொன்னியா?"

"கூட்டத்துல எதுக்குச் சண்டைன்னு..."

வைத்துவிட்டேன். அப்புறம் ஒரு செய்தி அனுப்பினேன்: பல் செட்டுக்கு மெருகேற்றும் பசை, பருத்தித் துணி, வட்டமாகத் தேய்க்கவும். ஏன் அனுப்பினேன்? அவனுக்காக இல்லை. அந்தக் கண்ணாடியைக் கீறித் தொலைப்பான்.

ஜூன் 20

கையேட்டின் புதுப் பதிப்பு வந்தது. நாற்பத்தொரு பக்கம். ஒரு நாட்டை இதைவிடக் குறைந்த காகிதத்தில் நடத்தலாம்.

புது விதி: மாநாட்டு உடைப் போட்டி மேடையில் தலைக்கவசத்தின் முகப்பு முழுவதும் மூடியிருக்க வேண்டும். முன்மொழிந்தவர் டுவெய்ன். கம்பீரமாக இருக்குமாம்.

மூடுவது சுலபம், தானே பூட்டிக்கொள்ளும். திறக்கிற விசை வெளியே தெரியக்கூடாதென்று ஒளித்து வைத்தது நான்தான். அந்த நாளில் எப்போதும் நான்தான் திறந்துவிடுவேன், அவன் கற்றுக்கொள்ளவே இல்லை. பிரிந்த இந்த ஒன்றரை வருடமாக அவன் மூடாமலே மாட்டிக்கொண்டு திரிகிறான். சொல்ல வேண்டாமா? சொல்லத்தான் வேண்டும். குழுவுக்கு எழுதினேன்.

ஜூன் 23

'தொழில்நுட்பக் குறிப்புகள் உருவாக்கியவரிடமிருந்து மட்டுமே பெறப்படும்.'

டுவெய்னிடம் நேரே சொல்லலாம். சொல்லவில்லை. இது அழகில்லை என்று தெரிகிறது. தெரிந்தும் போனை எடுக்கவில்லை.

ஜூலை 14, வெள்ளி

மாநாடு முதல் நாள். கவசத்தின் முன்னால் ஓர் அம்மா பலகையைச் சத்தமாக வாசித்தாள். "டுவெய்ன் ஹப்கா! எப்பேர்ப்பட்ட கை பாருங்க அந்த மனுஷனுக்கு!" பக்கத்தில் நின்று உப்புப் பிரெட்சல் தின்றுகொண்டிருந்தேன். ஆமாம் என்று தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

ஜூலை 15, சனி

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

போட்டி மூன்று மணிக்கு. அறுநூறு பேர் இருக்கும். டுவெய்ன் கவசத்தோடு மேடையேறி முகப்பை இழுத்து மூடினான். கிளிக். ஒரே கைதட்டல். நிஜமாகவே நன்றாக இருந்தது, அதையும் எழுதத்தான் வேண்டும். நடந்தான், திரும்பினான், துப்பாக்கியைத் தூக்கினான். நடுவர் பேட்டிக்காக முகப்பைத் திறக்கச் சொன்னார். டுவெய்ன் இழுத்தான். மறுபடி இழுத்தான். தலைக்கவசத்தின் தாடையைப் பிடித்துத் திருகினான். உள்ளே கண்ணாடி பனி மூடிவிட்டது. தட்டுத் தடுமாறி மேடை விளிம்புக்கு வந்தான். ஜனங்கள் நடிப்பு என்று நினைத்து எழுந்து நின்று தட்டினார்கள்.

"பாத்திரத்தை விட்டு வெளிய வராதீங்க!" என்று கீழேயிருந்து கத்தினார் மெர்ல்.

கோனி ஓடிப் போய் ஆறு கையாலும் இழுத்தாள். அதில் நிஜக் கை இரண்டு. யாரோ ரம்பம் கொண்டுவரச் சொன்னார்கள்.

அப்போது உள்ளேயிருந்து, குடத்துக்குள்ளிருந்து வருவது மாதிரி, ஒரு குரல். நடுவரின் மைக் அதைப் பிடித்துக் கூடம் முழுக்கப் போட்டது.

"லொரெய்ன்! லொரெய்ன் எங்க? அவதான் இதைச் செஞ்சா! அவளக் கூப்பிடுங்க!"

எப்படி மேடைக்குப் போனேன் என்று தெரியவில்லை. காற்றுத் துளை வைத்திருக்கிறேன், மூச்சு முட்டாது என்று தெரியும். ஆனாலும் அவன் பயந்தால் எப்படி மூச்சு விடுவான் என்பதும் எனக்குத் தெரியும். இடது காதுக்குக் கீழே விரலை விட்டு, பல் கம்பியில் செய்த சுருளை அழுத்தினேன். திறந்தது. பீட்ரூட் மாதிரி ஒரு முகம்.

"மெதுவா மூச்சு விடு."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்றான். கோபமில்லை. பயம்.

சொல்லியிருக்கலாம்.

ஜூலை 16, ஞாயிறு

காலையிலேயே அவசரக் கூட்டம், தொங்கவிட்ட உடைகளுக்கு நடுவில். நாற்பது நிமிட ஆலோசனைக்குப் பிறகு மெர்ல் புதுப் பலகையை வாசித்தார்: 'உருவாக்கியவர்: டுவெய்ன் ஹப்கா. திறந்துவிட்டவர்: லொரெய்ன்.'

கோனி சிரித்ததில் ஒரு கை கழன்று விழுந்தது.

டுவெய்ன் எழுந்தான். "மெர்ல், நான் அதுல ஒரு திருகுகூட மாட்டல. சும்மா நின்னேன்."

"இது குறிப்பேட்டுல ஏறணுமா?"

"ஏத்துங்க."

"அதுக்குத் தனிப் படிவம்—"

டுவெய்ன் அவர் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டு கூடத்துக்குப் போனான். பலகையில் தன் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினான். ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. பதினோரு வருஷம்! மெர்ல் அதைப் படமெடுத்துக்கொண்டார், சொத்துச் சேதம் என்ற தலைப்பில் கோப்பில் வைக்க. இரண்டு மணி நேரத்தில் அந்தப் பலகை முன்னால் ஐம்பது பேராவது படம் எடுத்துக்கொண்டார்கள். நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன். எடுத்தது கோனி. அதில் நான் இருக்கிறேன், முழு அளவில்.

ஜூலை 23

டுவெய்ன் டிரக்கில் கவசத்தை ஏற்றிக்கொண்டு வந்தான்.

"நீயே வெச்சுக்க."

"எனக்கு எதுக்கு? நான் உள்ள போனா என்னைத் தேட வேண்டியிருக்கும்."

காப்பி கொடுத்தேன். கோப்பையைப் பார்த்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டான். நானும் கேட்டேன், அந்த விசைக்காக. திறக்கும் விதத்தை மூன்று தடவை சொல்லிக்கொடுத்தேன். மூன்றாவது தடவை அவனே திறந்தான்.

கிளம்பும்போது கேட்டான்: "நீ ஏன் உனக்குன்னு ஒண்ணு செஞ்சுக்கவே இல்ல?"

நேரமில்லை என்றேன். பொய்.

ஆகஸ்ட் 6

பன்னிரண்டாவது எபிசோடில் எஞ்சின் அறையில் ஒரு பெண் நிற்கிறாள். பெயர் கிடையாது, வசனம் கிடையாது. நான்கு விநாடி, அதுவும் பாதி முதுகு. அவள் உடையைத் தாளில் வரைந்து பார்த்தேன். முன்பக்கம் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. மெர்லுக்கும்தான்.

கோனி வந்தாள். சமையலறை நடுவில் என்னை நிறுத்தி அளவு நாடாவை எடுத்தாள்.

"தோள் பதினாறரை. கைய விரி. ஏய், எதுக்கு வயித்த உள்ள இழுக்கற? அப்புறம் போட்டுக்கிட்டு உக்கார முடியாது. விடு."

விட்டேன்.