மாளிகை வாசல் ஸ்டாப்

அருமை மகள் வாயாடிக்கு,

ஒற்றை விசிலில் ஊரையே நிறுத்தி, இரட்டை விசிலில் உலகத்தையே உருட்டி, லட்சோப லட்சம் ஜனங்களை "உள்ளே போங்க, உள்ளே போங்க" என்று விரட்டியே ஓய்வுபெற்ற உன் சித்தப்பச் சக்கரவர்த்தி எழுதுவது. நீ அங்கே சுகமாக இருப்பாய், வேளைக்குச் சாப்பிடுவாய், மேலதிகாரியோடு வாரத்துக்கு ஒரு சண்டைக்கு மேல் போடமாட்டாய் என்று நம்புகிறேன். இங்கே என் முழங்கால் சுகம், உன் அம்மாவின் தொண்டை அதைவிடச் சுகம். எல்லாரும் சுகம் என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை. போனில் சொல்ல என்ன கேடு என்பாய். போன் உன் அம்மா கையை விட்டு இறங்குவதே இல்லை. நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா "நல்லா இருக்கேம்மா, சாப்பிட்டேம்மா, உடம்பைப் பாத்துக்கம்மா" என்கிறாரே, அத்தனையும் உன் அம்மா அவர் காதோரம் நின்று சொல்லிக்கொடுப்பது. போன மாதம் அவள் அடுப்பை அணைக்க ஓடிய இடைவெளியில் அவர் போனை என்னிடம் நீட்டி, "யாரோ பொண்ணு பேசுது, பாவம், நம்பர் மாத்திப் போட்டுடுச்சு போல" என்றார். லைன் போய்விட்டது என்று நீ நினைத்திருப்பாய். போகவில்லை, நான்தான் வைத்தேன்.

உனக்குத் தெரியவேண்டாம் என்று உன் அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். "அவ அங்க தனியா கிடக்குறா, இதையும் தலையில ஏத்தணுமா? அடுத்த வருஷம் லீவுல வரும்போது பாத்துக்கட்டும்" என்கிறாள். நான் செய்த சத்தியங்களை அடுக்கினால் மலையை மறைக்கும், அதில் இது ஒன்று உடைந்தால் குடி முழுகாது. அடுத்த வருஷம் வந்தால் பார்ப்பதற்கு என்ன இருக்கும் என்பதுதான் கேள்வி. விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன். அப்பாவுக்கு மறதி கூடிக்கொண்டே போகிறது, நடக்க வையுங்கள் என்றார் டாக்டர். நம் தெருமுனையில் ஆரம்பிக்கும் நடைபாதை உனக்குத் தெரியும், வாய்க்கால் கரை, மரப்பாலம், ஆடு மேயும் புல்வெளி, அப்புறம் அந்தப் பழைய மாளிகையும் அதன் பூங்காவும், பூங்காவைச் சுற்றிக்கொண்டு பழைய ரயில் பாதை வழியாக மறுபடி நம் வாசல். (அந்த மாளிகை மாறவே இல்லை. அதன் ஜன்னல்களைத் துடைக்க ஆரம்பித்தவன் கடைசி ஜன்னலுக்கு வருவதற்குள் பேரன் எடுத்துவிடுவான்.) இப்போது வழியெல்லாம் கம்பம் நட்டு மஞ்சள் அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். தெருமுனையில் பலகை வேறு: எளிய வட்டப் பாதை, முதியோரும் நடக்கலாம், வழி தவற வாய்ப்பே இல்லை. அதைப் படித்ததும் என் மகா மூளையில் மின்னல் வெட்டியது. அண்ணனைத் தனியாகவே அனுப்பலாம், வட்டத்தில் போகிறவன் எங்கே தொலைவான்? உன் அம்மாவும், "ஆமா, சுத்துனா வீட்டுக்குத்தானே வந்தாகணும்" என்றாள். மூன்று வாரம் அப்படியே நடந்தது. காலையில் போவார், வெயில் ஏறுமுன் கேட்டைத் திறந்துகொண்டு வருவார். நான் தெருவெல்லாம் பெருமை அடித்துக்கொண்டேன்.

ஒரு நாள் வரவில்லை. மாடியில் என்னோடு இருக்கிறார் என்று உன் அம்மா நினைத்தாள், கீழே தூங்குகிறார் என்று நான் நினைத்தேன். பொழுது சாயும்போதுதான் இரண்டு முட்டாள்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஓடினேன். என் வயதுக்கு நான் ஓடிய ஓட்டத்தில் ஆடுகள் சிதறின. பூங்காவில் டீக்கடை போட்டிருக்கும் அம்மாள், "அந்தப் பெரியவரா? காலையிலருந்து வந்துக்கிட்டும் போய்க்கிட்டுமே இருக்காரே. நம்மளே உக்காந்து உக்காந்து பெருத்துப் போறோம், இவரு உடம்பைக் குறைக்கிறாரேன்னு மெச்சிக்கிட்டு இருந்தேன்" என்றாள். அவர் தொலையவே இல்லை வாயாடி. அம்புக்குறி காட்டிய வழியில், ஒரு அடி பிசகாமல், சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். நம் வாசலையும் ஒவ்வொரு சுற்றிலும் கடந்திருக்கிறார், வீடு என்று தெரியவில்லை. நான் மாடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன். குளத்தோரம் எதிரே வந்தார், ஒரு காலில் செருப்பு இல்லை, நடந்த இடமெல்லாம் ரத்தம். கையைப் பிடித்தால் உதறிவிட்டு, "கண்டக்டர் எங்கய்யா போய்த் தொலைஞ்சான்? விசில் குடுக்காம எப்படி வண்டியை நிறுத்துறது?" என்று கத்துகிறார். முப்பது வருஷம் அவர் ஓட்டிய பஸ்ஸில் பின்னால் நின்று விசில் ஊதியவன் முன்னால்தான் நிற்கிறேன். விரலை வாயில் வைத்து ஊதினேன், முன்பல் இல்லாத வாயில் காற்றுதான் வந்தது. அந்த நேரம் பூங்காவை மூடக் காவலாளி விசில் ஊதினான். ரத்தம் வழிகிற வலது காலைத் தரையில் அழுத்தி, பிரேக் போட்டு நின்றார் உன் அப்பா.

பாதத்தின் தோல் முழுக்க உரிந்துவிட்டது, ஆற ஒரு மாதம் ஆனது, இரண்டு நகம் போனது போனதுதான். உன் அம்மா கேட்டுக்குச் சங்கிலி போட்டாள். அவர் நாள் முழுக்கக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று, இல்லாத ஸ்டீயரிங்கைத் திருப்பித் திருப்பி அழுதார். அவளே சங்கிலியை அவிழ்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதிலிருந்து நான் பெட்டியைக் குடைந்து என் பழைய விசிலை எடுத்துக்கொண்டு தினமும் பின்னாலேயே நடக்கிறேன். நம் வாசல் வந்ததும் ஒரு விசில், நிற்பார், உள்ளே வருவார். என்னை யார் என்று தெரியாது, ஆனால் என் விசில் தெரிந்தது. அதுவும் போன வெள்ளிக்கிழமை வரைதான். அன்று வாசலில் ஊதினேன், நிற்கவில்லை. தொண்டை கிழிய ஊதினேன், போய்க்கொண்டே இருந்தார். ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்தேன். திரும்பிப் பார்த்து ரொம்ப மரியாதையாக, "ஓடுற வண்டியில ஏறாதீங்க சார்" என்றார். என் கூடப்பிறந்தவன் என்னைச் சார் என்கிறான்.

இனி நான் சொல்வதை மட்டும் கவனமாகப் படி. விசிலே இல்லாமல் அவர் நிற்கிற இடம் ஒன்று மிச்சம் இருக்கிறது. மாளிகையின் பெரிய வாசல், நம் பஸ் நின்ற அதே இடம், பள்ளிக்கூடம் விட்டு மூக்கு ஒழுக நீ ஏறுவாயே, அங்கே. தினமும் தானாகவே நிற்கிறார். இடது பக்கம் திரும்பிப் பார்த்து, "பாப்பா ஏறட்டும்" என்கிறார். யாரும் ஏறுவதில்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு நடக்கிறார். முன்பெல்லாம் என் கால் கடுக்கிற வரைக்கும் காத்திருப்பார். நேற்று தலையைத் திருப்பினார், அவ்வளவுதான், கிளம்பிவிட்டார். போனில் உன் குரல் அவருக்குத் தெரியவில்லை, நேரில் முகமும் தெரியாமல் போகலாம், அதற்கு நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்த வாசலில் வந்து நில். அவர் அங்கே நிற்பதையும் மறப்பதற்குள் நில். அடுத்த வருஷ லீவை நம்பாதே.

நீ நூறு வயது வாழ்ந்து என்னைப்போல் எல்லார் கழுத்தையும் அறுக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். தட்டையான செருப்பு எடுத்து வா, பாதை எளிதுதான், தூரம்தான் அதிகம். கடிதம் போட்டதை அம்மாவிடம் மூச்சு விடாதே, நீயாகக் கிளம்பி வந்த மாதிரி வா.

இப்படிக்கு,
ஓய்வுக்குப் பின்னும் பணியில் இருக்கும் கண்டக்டர்,
உன் சித்தப்பா